1996-ஆம் நம்பர் எஞ்சின், சால்டன் சீ, ஒரு டிசம்பர் காலை: ஒரே ஒரு ரயில் படத்தோட முழு ஆய்வு

இதுல ஒரே ஒரு படத்தை மட்டும் எடுத்து அக்குவேறு ஆணிவேறா பிரிச்சுப் பாக்கப் போறேன். கலிஃபோர்னியாவோட தென்கிழக்கு மூலைல, சால்டன் சீங்கிற உப்பு ஏரி ஓரமா, யூனியன் பசிஃபிக் கம்பெனியோட 1996-ஆம் நம்பர் எஞ்சின் ஒரு கன்டெய்னர் ரயிலை கிழக்க இழுத்துட்டுப் போற படம். சில வருஷம் முன்னாடி ஒரு டிசம்பர்ல எடுத்தது. பழைய கம்பெனி பெயின்ட் அடிச்ச எஞ்சினை, அதாவது ஹெரிடேஜ் யூனிட்டை, எங்க பாத்தாலும் எடுத்துடலாம், யார்டுல நிக்கும்போது எடுக்கலாம், ஊருக்கு நடுவுல பாலத்து மேல போகும்போதும் எடுக்கலாம், ஆனா அந்த பெயின்ட்டுக்கும் அது ஓடுற மண்ணுக்கும் ஒரு உறவு இருக்கணும், அது இல்லேன்னா கலரா ஒரு வண்டி போன படம்தான் மிஞ்சும்ங்கிறது என் கருத்து. இந்தப் படத்துக்கு இடம் தேர்ந்தெடுத்தது முழுக்க அந்த ஒரு எண்ணத்துலதான்.

முதல்ல எஞ்சினைப் பத்தி. யூனியன் பசிஃபிக் 2005, 2006 ரெண்டு வருஷத்துல ஆறு புது எஞ்சினுக்கு, தான் வாங்கி விழுங்கின ஆறு பழைய ரயில் கம்பெனிகளோட கலரை அடிச்சு விட்டாங்க. மிசௌரி பசிஃபிக்குக்கு 1982, வெஸ்டர்ன் பசிஃபிக்குக்கு 1983, கேட்டிக்கு 1988, ரியோ கிராண்டேக்கு 1989, சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்னுக்கு 1995, சதர்ன் பசிஃபிக்குக்கு 1996. பெரும்பாலும் அந்தந்த கம்பெனி யூனியன் பசிஃபிக்கோட சேர்ந்த வருஷம்தான் எஞ்சின் நம்பர். சதர்ன் பசிஃபிக் சேர்ந்தது 1996 செப்டம்பர்ல, அந்த எஞ்சின் வெளிய வந்தது அதுக்குப் பத்து வருஷம் கழிச்சு 2006 ஆகஸ்ட்ல. ஆறுமே இஎம்டி கம்பெனியோட எஸ்டி70ஏசிஇ மாடல், ஆறு ஆக்சில், 4,300 குதிரைசக்தி. அதாவது மியூசியம் வண்டி கிடையாது, மத்த மஞ்சள் எஞ்சின் என்ன வேலை செய்யுதோ அதே வேலையைத்தான் இதுவும் செய்யும், இன்னிக்கு நிலக்கரி, நாளைக்கு கன்டெய்னர், எந்த மாநிலத்துல இருக்கும்னு யாராலயும் முன்கூட்டியே சொல்ல முடியாது. இதைத் துரத்துறதுல இருக்கிற ஈர்ப்பே அதான்.

அந்தக் காலகட்டத்துல இன்னொரு விஷயமும் ஓடிட்டு இருந்துச்சு. பழைய கம்பெனி பேரு, லோகோவெல்லாம் எங்க ட்ரேட்மார்க், பொம்மை ரயில் செய்றவங்க லைசென்ஸ் கட்டணம் கட்டணும்னு யூனியன் பசிஃபிக் கேட்டு, 2004-ல ஏதர்ன், லயனல் ரெண்டு கம்பெனி மேலயும் வழக்கு போட்டாங்க, அப்புறம் அது பேசித் தீர்ந்துச்சு. அதனாலதான் இந்த எஞ்சின்களே வந்துச்சுன்னு அடிச்சு சொல்ற ரசிகர்கள் உண்டு, கம்பெனியோ பழைய ஊழியர்களுக்கு மரியாதைன்னு சொன்னாங்க. காரணம் எதுவா இருந்தாலும், ரிட்டையர் ஆன ஒரு பழைய சதர்ன் பசிஃபிக் டிரைவர் தண்டவாளத்தோரம் நின்னு அந்த எழுத்தைப் பாக்கும்போது அவருக்கு அது நிஜம், எனக்கு அது போதும்.

பெயின்ட்டைப் பத்தி ஒரு உண்மையைச் சொல்லியே ஆகணும். 1996 மேல இருக்கிறது சதர்ன் பசிஃபிக்கோட ரெண்டு பழைய ஸ்டைலைக் கலந்து செஞ்சது. ஒண்ணு டேலைட், சிவப்பு ஆரஞ்சு கருப்பு, 1937-ல சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் நடுவுல கடலோரமா ஓடின பயணிகள் ரயிலோட கலர். இன்னொண்ணு பிளாக் விடோ, கருப்பு உடம்பு, வெள்ளி மூக்கு, ஆரஞ்சுக் கோடு, அது ஆரம்பகால சரக்கு டீசல் எஞ்சின்களோடது. ஆனா இந்தப் பாலைவனம் நிஜமாவே அதிகமாப் பாத்தது இது ரெண்டும் இல்ல. 1958-க்கு அப்புறம் கம்பெனி சாம்பல் உடம்பும் ரத்தச் சிவப்பு மூக்குமா மாத்திட்டாங்க, கிட்டத்தட்ட நாப்பது வருஷம் அந்தக் கலர்தான் இங்க மணலையும் வெயிலையும் தின்னுச்சு. 1995-ல ஜிஇ கிட்ட வாங்கின கிட்டத்தட்ட 280 ஏசி4400 எஞ்சின்களும் அதே சாம்பல் சிவப்புலதான் வந்துச்சு, இணைப்புக்கு அப்புறம் சிலது பெயின்ட் மாத்தாம, கேபின்ல மட்டும் புது நம்பரை மஞ்சள் பட்டையா ஒட்டி ரொம்ப வருஷம் ஓடிட்டு இருந்துச்சு, சிவப்பு வெளுத்து ரோஸ் ஆகி, எழுத்து பாதி அழிஞ்சு. என்னைக் கேட்டா அந்த வெளுத்துப்போன எஞ்சின்தான் நிஜமான பழசு. 1996 ஒரு நினைவுச் சின்னம். ரெண்டும் வேற வேறன்னு தெரிஞ்சுக்கிட்டு எடுக்கணும், ஏன்னா நினைவுச் சின்னத்தை எடுக்கும்போது எதோட நினைவுன்னு படத்துலயே தெரியணும், அந்த வேலையை பெயின்ட் செய்யாது, இடம்தான் செய்யணும்.

அப்ப எந்த இடம்? சதர்ன் பசிஃபிக் லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து கிழக்க போட்ட லைனுக்கு சன்செட் ரூட்னு பேரு. 1877-ல யூமாவுல கொலராடோ ஆத்தைத் தொட்டு, 1880-ல டூசான், 1881-ல எல் பாசோ, 1883 ஜனவரில டெக்சாஸ் பக்கமிருந்து வந்த லைனோட சேர்ந்துச்சு. இதுல, லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்க இருக்கிற கோல்டன்ங்கிற (Colton) ஊர்ல இருந்து யூமா வரைக்கும் உள்ள பகுதிலதான் பாலைவனம் முழுசா இருக்கு. இங்க படம் எடுக்கிறவங்க பெரும்பாலும் போய் நிக்கிறது சான் கோர்கோனியோ கணவாய்ல, பாம் ஸ்பிரிங்ஸ் பக்கத்துல, ஏன்னா அங்க ஒரே ஃபிரேம்ல மின்சாரம் எடுக்கிற நூத்துக்கணக்கான காத்தாடியும் 3,300 மீட்டர் உயர சான் ஹசின்டோ மலையும் டிசம்பர்ல அது மேல பனியும் கிடைக்கும். அழகுதான், மறுக்கல. அங்க காத்து வாரிட்டு வர்ற மணல் லென்ஸ் முன்கண்ணாடியைத் தேய்ச்சு எடுத்துடும், ஃபில்டர் இல்லாம நிக்கவே கூடாது. ஆனா அந்தக் காத்தாடி ஃபிரேம்ல எந்த எஞ்சின் வந்தாலும் படம் காத்தாடியோட படம்தான். தெற்க போனா க்ளாமிஸ், அல்கடோன்ஸ் மணல்குன்று, 70 கிலோமீட்டர் நீளத்துக்கு சுத்தமான மணல், அது ஓரமாவே தண்டவாளம். அதுவும் நல்ல இடம், அதைப் பத்தி கடைசில வர்றேன்.

நான் தேர்ந்தெடுத்தது இது ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சால்டன் சீ. காரணம், இந்த லைன்ல சதர்ன் பசிஃபிக் வேற எங்கயும் படாத பாட்டை இங்க பட்டிருக்கு. 1900-ல இங்க கடலும் கிடையாது ஏரியும் கிடையாது, கடல் மட்டத்துக்கும் கீழ ஒரு உப்புப் பள்ளம், அதுக்குள்ள தண்டவாளம். இம்பீரியல் பள்ளத்தாக்குக்கு விவசாயத் தண்ணி கொண்டு வர்றதுக்காக ஒரு கம்பெனி கொலராடோ ஆத்துல இருந்து கால்வாய் வெட்டுச்சு. அது வண்டல் அடைச்சுக்கிட்டதும் 1904-ல மெக்சிகோ எல்லைக்குள்ள, மதகு ஒண்ணும் கட்டாம, கரையை இன்னொரு இடத்துல வெட்டி விட்டாங்க. 1905 வெள்ளத்துல ஆறு அந்த வாய் வழியா உள்ள புகுந்துச்சு, போகப் போக கொலராடோ ஆறு மொத்தமா கடலுக்குப் போறதை விட்டுட்டு இந்தப் பள்ளத்துக்குள்ள கொட்ட ஆரம்பிச்சுச்சு. சதர்ன் பசிஃபிக் தன் மெயின் லைனை ஏற ஏற மேட்டுக்கு நகத்திட்டே போச்சு, ஒரு தடவை நகத்துனா தண்ணி அங்கயும் வரும், மறுபடி நகத்தணும். கடைசில கால்வாய் கம்பெனியை இவங்களே கையில எடுத்துக்கிட்டு, உடைப்புக்குக் குறுக்க மரப்பாலம் கட்டி அது மேல ரயிலை நிறுத்தி வேகன் வேகனா கல்லைக் கொட்டுனாங்க. 1906 நவம்பர்ல அடைச்சது டிசம்பர்ல பிச்சுக்கிச்சு. 1907 பிப்ரவரிலதான் முழுசா அடைபட்டுச்சு. அதுக்குள்ள பள்ளத்துல தேங்கின தண்ணிதான் இந்த சால்டன் சீ.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அப்ப ரெண்டு கம்பெனியையும் கையில வச்சிருந்தவர் ஹாரிமன், 1901-லயே யூனியன் பசிஃபிக் சதர்ன் பசிஃபிக்கோட பெரும் பங்கை வாங்கியிருந்துச்சு, அதனால அந்தக் கல்லைக் கொட்டப் பயன்பட்ட, பக்கவாட்டுல கவிழ்ற பெரிய வேகன்கள் யூனியன் பசிஃபிக்ல இருந்து வந்தது. 1912-ல உச்ச நீதிமன்றம் இந்த இணைப்பு செல்லாது, பிரியுங்கன்னு சொல்லிடுச்சு. அதுக்கு 84 வருஷம் கழிச்சு மறுபடி சேர்ந்துட்டாங்க. 1996-ங்கிற நம்பரை அந்தக் கரையோரத்துல நிக்க வச்சுப் பாத்தா இவ்வளவும் அதுக்குள்ள இருக்கு, காத்தாடி பக்கத்துல நிக்க வச்சா ஒண்ணுமே இல்ல.

இடம் முடிவாச்சு, அடுத்தது வெளிச்சம். இந்தக் கேஸ்ல உண்மையான சிக்கல் இங்கதான்.

சால்டன் சீயோட வடகிழக்குக் கரையோரமாத்தான் லைன் போகுது, வடமேற்குல இருந்து தென்கிழக்கா, கிட்டத்தட்ட நேரா. டிசம்பர்ல சூரியன் தென்கிழக்குல உதிச்சு தெற்கால தாழ்வா நகந்து தென்மேற்குல விழும், நண்பகல்லயே 35 டிகிரி உயரத்தைத் தாண்டாது. அதாவது விடிஞ்சு கொஞ்ச நேரத்தைத் தவிர நாள் முழுக்க வெயில் தண்டவாளத்தோட தென்மேற்குப் பக்கம், ஏரிப் பக்கம்தான் விழும். நாம அந்தப் பக்கம் நின்னா எஞ்சின் பளிச்சுனு வரும், ஆனா பின்னாடி தெரியறது ஒரோகோப்பியா மலை, ஏரி நம்ம முதுகுக்குப் பின்னாடி போயிடும். ஏரி ஃபிரேம்ல வேணும்னா மலைப் பக்கம் ஏறி நின்னு வெயிலைப் பாத்து எடுக்கணும், அப்ப எஞ்சினோட நம்ம பக்கம் முழுக்க நிழல், பெயின்ட் தெரியாது. பெயின்ட்டா ஏரியா, ரெண்டுல ஒண்ணுதான்.

ரயில் போற திசையும் முக்கியம். மேற்க போற ரயிலோட மூக்கு வடமேற்கைப் பாக்கும், குளிர்காலத்துல அதுக்கு சாயங்காலம் ஓரமா ஒரு கீத்து வெளிச்சம் மட்டும்தான் கிடைக்கும். கிழக்க போற ரயில்தான் வேணும், அதுலயும் காலைல சீக்கிரம் வந்தா மூக்குல வெயில் இருக்கும், பக்கவாட்டுல இருக்காது. பத்தரைல இருந்து ஒரு மணிக்குள்ள வந்தா மூக்கு, பக்கம் ரெண்டுலயும் சரிசமமா விழும். ஆக தேவை என்னன்னா, 1996 முன்னாடி நின்னு இழுக்கணும், கிழக்க போகணும், மதியத்துக்கு முன்னாடி அந்த இடத்தைக் கடக்கணும். ரெண்டாவது மூணாவது எஞ்சினா மாட்டியிருந்தா பிரயோஜனம் இல்ல. இது மூணும் ஒண்ணா அமையறது அபூர்வம்.

அன்னிக்கு விடிஞ்சதும் கோல்டன் பக்கம் இருக்கிற நண்பர்கிட்ட இருந்து மெசேஜ், "மச்சி, 1996 லீட்ல இருக்கு, ஈஸ்ட்பவுண்ட் ஸ்டாக், இப்பதான் யார்டைத் தாண்டுது." அதாவது 1996 முன்னாடி நின்னு இழுக்குது, கன்டெய்னரை ரெண்டு அடுக்கா ஏத்தின ரயில், கிழக்க வருது. அங்கிருந்து ரயில் போமான்ட் மேடு ஏறி, 790 மீட்டர் உச்சியைத் தொட்டு, கணவாய் வழியா இன்டியோவுல கடல் மட்டத்துக்கு இறங்கி, அப்புறமும் கீழ போய்த்தான் ஏரிக்கரைக்கு வரணும். ஏத்தம் இறக்கம், எதிர்ல வர்ற ரயிலுக்கு வழி விடுறது எல்லாம் சேத்து நாலு மணி நேரத்துக்குக் குறையாதுன்னு கணக்குப் போட்டேன். அப்படின்னா பத்தரைக்கு மேல. நான் இன்டியோவுலதான் இருந்தேன், பெட்ரோலும் தண்ணியும் ரொப்பிக்கிட்டு 111 ரோட்டைப் பிடிச்சேன்.

நார்த் ஷோரைத் தாண்டி பாம்பே பீச்சுக்கு முன்னாடி ஒரு இடம், மலைல இருந்து வர்ற காட்டாறு ஒண்ணு தண்டவாளத்துக்கு அடில போகுது, அது மேல ஒரு குட்டைப் பாலம். வருஷம் முழுக்க வறண்டு கிடக்கும், ஆகஸ்ட்ல எப்பவாவது மலைல இடி இடிச்சா வெள்ளம் பாயும். இப்படி சின்னச் சின்ன பாலம் இந்த லைன்ல வரிசையா இருக்கு.

போனதும் முதல்ல கிராஸிங் வழியா மலைப் பக்கம் போய் கொஞ்சம் மேட்டுல நின்னேன், ஏரி ஃபிரேம் எப்படி இருக்குன்னு பாத்துடலாம்னு. சன்செட் ரூட்ல இது ஒரு பெரிய வசதி, ரயிலுக்குப் பஞ்சமில்ல, முக்கியமான ரயில் வர்றதுக்குள்ள வழக்கமான மஞ்சள் எஞ்சின் ரயில் ஒண்ணு ரெண்டு வந்து ஒத்திகை பாத்துக்க விடும். ஒண்ணு வந்துச்சு. ஏரி வெள்ளித் தகடா மின்னுது, ரயில் அதுக்கு முன்னாடி கருப்புக் கோடு. படமா பாத்தா ரொம்ப நல்லா இருந்துச்சு, ஆனா மஞ்சளா நீலமான்னு கூடத் தெரியல. இன்னொரு விஷயமும் பட்டுச்சு, தண்ணி இப்ப லைனை விட்டு ரொம்ப தூரம் போயிடுச்சு. பழைய படங்கள்ல ஏரி கிட்டவே இருக்கும். விவசாயத்துக்கு வந்த தண்ணில ஒரு பங்கை நகரங்களுக்குத் திருப்பி விட ஆரம்பிச்சதுல இருந்து, அதுலயும் 2017-க்கு அப்புறம் ஈடுகட்ட விட்டுட்டு இருந்த தண்ணியும் நின்னதுல இருந்து, கரை பின்வாங்கிட்டே இருக்கு, நடுவுல வெள்ளை உப்புத் தரை. மீன் செத்த நாத்தம், காத்தடிச்சா அந்தத் தரையில இருந்து கிளம்புற தூசு, சுத்துப்பட்டு ஊர்ல குழந்தைங்களுக்கு ஆஸ்துமா. இதையெல்லாம் அழகா மின்னுற தகடா காமிக்கிறதுல எனக்கு மனசு ஒப்பல, அதுவும் சேர்ந்துதான் முடிவெடுத்தேன், ரோட்டுப் பக்கமே திரும்பிட்டேன்.

ஆனா ஏரி இல்லாம அந்தக் கதை எப்படி வரும்? அதுக்கு விடை தரையில கிடந்துச்சு. இந்தப் பள்ளத்தை கொலராடோ ஆறு 1905-ல முதல் தடவையா நிரப்பல, பல நூற்றாண்டா அது வந்து நிரம்பி வத்திப் போயிட்டே இருந்திருக்கு, கவியா ஏரின்னு சொல்வாங்க, அதோட நன்னீர் நத்தை ஓடு, சிப்பி ஓடு இன்னிக்கும் மண்ணோட மண்ணா வெள்ளை வெள்ளையா கொட்டிக் கிடக்கு. குனிஞ்சு, கேமராவை முழங்காலுக்கும் கீழ இறக்கி, முன்னாடி அந்த ஓடுங்க, ரெண்டு உப்புச்செடிப் புதர், நடுவுல பாலமும் ரயிலும், பின்னாடி ஒரு சொட்டுப் பச்சை கூட இல்லாத மலை. தண்ணி படத்துல இல்ல, ஆனா தண்ணி வந்துட்டுப் போன தடயம் இருக்கு. இந்த லைனுக்கு அதுதான் சரியான சாட்சின்னு தோணுச்சு.

அந்த மலைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல, நேரா ஓடுது பூகம்பத்துக்குப் பேர் போன சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு. அதோட தென்கோடி பாம்பே பீச் பக்கத்துலதான் முடியுது. அங்கிருந்து கொஞ்ச தூரம் போனா நைலண்ட், அங்க ஒரு சேத்து ஊத்து, கரியமில வாயு கொப்புளிக்கிற குழி, இடம்விட்டு இடம் நகர ஆரம்பிச்சு 2018-ல தண்டவாளத்தை நோக்கி வந்துடுச்சு. யூனியன் பசிஃபிக் இரும்புச் சுவர் இறக்கிப் பாத்தாங்க, அது அடியில புகுந்து வந்துச்சு, கடைசில பக்கத்துல தற்காலிக லைன் போட்டு ரயிலைத் திருப்பி விட்டாங்க. 1905-ல தண்ணிக்குப் பயந்து நகந்த அதே லைன், நூறு வருஷம் கழிச்சு சேத்துக்கு வழிவிட்டு நகந்துச்சு. இந்த மண்ணு மேல ரயில் விடுறவங்க எல்லாரும் இதுகிட்ட கடன்பட்டவங்கதான், எந்தக் கலர் அடிச்சாலும்.

லென்ஸ் விஷயம். பாலைவனம்னாலே 400 எம்எம் போட்டு தூரத்துல இருந்து ரயிலை இழுத்து அடைச்சு எடுக்கணும்னு ஒரு ஆசை எல்லாருக்கும் வரும். டிசம்பர்லயே பத்து மணிக்கு மேல ஜல்லி சூடாகி கானல் எழும்பிடுது, நம்பர் போர்டு தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி ஆடும், அதை எந்த சாஃப்ட்வேரும் சரி பண்ணாது, ஏன்னா அது ஃபோகஸ் தப்பு இல்ல, நடுவுல இருக்கிற காத்தோட வேலை. நடுவுல இருக்கிற காத்தைக் குறைக்கிறது ஒண்ணுதான் வழி, கிட்ட வந்து சின்ன லென்ஸ் போடணும். நான் போட்டது 70-200, அதுலயும் 80 பக்கம். எஃப்8, ஆயிரத்துல ஒரு பங்கு நொடி, ஐஎஸ்ஓ 320. எக்ஸ்போஷரை கேமரா கையில விடவே கூடாது, வெளுத்த தரையைப் பாத்து அது இருட்டாக்கும், ஏற்கனவே கருப்பா இருக்கிற எஞ்சின் உடம்பு மொத்தமா புதைஞ்சுடும், இல்லேன்னா ஹெட்லைட் வந்ததும் பயந்து இன்னும் குறைக்கும். முன்னாடி போன மஞ்சள் ரயில்ல மேனுவலா செட் பண்ணி, அப்புறம் கருப்புக்காக மூணுல ஒரு பங்கு ஸ்டாப் கூட்டி வச்சுட்டேன். போலரைசர் போடல, அது வானத்தைக் கரும் நீலமாக்கும், இங்க குளிர்கால வானம் தூசு கலந்து வெளிறித்தான் இருக்கும், இருக்கிறபடியே இருக்கட்டும்.

பத்தேகால் வாக்குல, ரயில்வே ரேடியோவைக் கேக்கிறதுக்கு வச்சிருந்த ஸ்கேனர்ல சத்தம். இந்த லைன்ல குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு டிடெக்டர் இருக்கும், சக்கரம் சூடாயிருக்கா, ஏதாவது இழுபடுதான்னு பாத்துட்டு மெஷின் குரல்ல ரேடியோவுல சொல்லும், மைல்போஸ்ட் இவ்வளவு, நோ டிஃபெக்ட்ஸ், மொத்த ஆக்சில் இத்தனைன்னு. அது சொன்ன மைல்போஸ்ட் அறுநூத்துச் சொச்சம். எங்கிருந்து அறுநூறு? சான் ஃபிரான்சிஸ்கோவுல இருந்து. சதர்ன் பசிஃபிக்கோட தலைமை ஆபீஸ் இருந்த ஊரு, அங்கிருந்து எண்ணின மைல். கம்பெனி போய், பேரு போய், ஆபீஸ் போய், இன்னிக்கும் ஒவ்வொரு ரயிலும் கடக்கும்போது அந்த எண்ணிக்கையைத்தான் ரேடியோ உரக்கச் சொல்லுது. ஹெரிடேஜ்னு சொன்னா பெயின்ட்டை விட இது எனக்குப் பெருசாப் படுது.

அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமில்ல. பாலைவனத்துல ஹெட்லைட் பத்து கிலோமீட்டர் தள்ளியே தெரிஞ்சுடும், ஒரு புள்ளி, கானல்ல ரெண்டா பிரியும், மறுபடி ஒண்ணாகும், நகர்ற மாதிரியே இருக்காது. சத்தம் கடைசில வரும், காத்து எதிர்ப்பக்கம் அடிச்சா கிட்ட வர்ற வரைக்கும் வரவே வராது. அதனாலதான் தண்டவாளத்துப் பக்கத்துல நிக்காதீங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றேன், அது ரயில்வே நிலம், அத்துமீறல் குற்றம், அது மட்டுமில்ல, ஸ்டாக் ரயிலுக்கு இங்க மணிக்கு 110 கிலோமீட்டர் வரைக்கும் அனுமதி இருக்கு, திரும்பிப் பாக்கிறதுக்குள்ள முடிஞ்சுடும். நான் நின்னது ரோட்டோரப் பொது இடத்துல. மலைப் பக்கம் தெற்க போகப் போக கடற்படையோட குண்டு போடுற பயிற்சி நிலம் வேற வருது, போர்டு பாக்காம ஏறிடக்கூடாது. பார்டர் பேட்ரோல்காரங்க வண்டியை நிறுத்தி என்ன செய்றீங்கன்னு கேப்பாங்க, ரயில் படம்னு சொல்லி கேமராவைக் காட்டினா பெரும்பாலும் சிரிச்சுட்டுப் போயிடுவாங்க, அன்னிக்கு வந்தவர் 1996-ஆன்னு நம்பர் சொல்லிக் கேட்டார், அவரோட தாத்தா யூமாவுல சதர்ன் பசிஃபிக்ல வேலை பாத்தவராம். வண்டியை ஓரங்கட்டி அவரும் நின்னுட்டார்.

பத்து ஐம்பதுக்கு வந்துச்சு. முதல்ல ஆரஞ்சு மட்டும் தெரிஞ்சுது, அந்தப் பழுப்பு நிலத்துல வேற எதுலயும் இல்லாத நிறம், மூக்குல வெயில் நேரா, பக்கவாட்டுல சாய்வா. பாலத்துக்கு முன்னாடி ஒண்ணு, பாலத்து மேல மூணு, எழுத்து முழுசா தெரியற மாதிரி ஒண்ணு. பாலத்து மேல எடுத்ததுல நடுவுல உள்ளதுதான் நான் சொல்ற படம். எஞ்சின் ஃபிரேம்ல மூணுல ஒரு பங்கு கூட இல்ல, வேணும்னேதான் அப்படி விட்டேன். எஞ்சினை நெருக்கி எடுத்தா பெயின்ட் நல்லாத் தெரியும், அந்தப் படம் எல்லார்கிட்டயும் இருக்கு, டெக்சாஸ்ல எடுத்தாலும் நெப்ராஸ்கால எடுத்தாலும் அதே படம்தான். பின்னாடி கன்டெய்னர் ரெண்டு அடுக்கா வளையாம ஓடி ஃபிரேமை விட்டு வெளிய போகணும், மலை முழுசா நிக்கணும், ஓடு கிடக்கணும். மூணு எஞ்சின், அப்புறம் சைனாவுல இருந்தும் கொரியாவுல இருந்தும் வந்த பெட்டிங்க, ரெண்டு கிலோமீட்டருக்கு மேல, கடைசில ஆளில்லாம பின்னாடி இருந்து தள்ளுற ரெண்டு எஞ்சின். பெட்டி மேல இருக்கிற பேருங்களும் படத்துல இருக்கட்டும்னு நினைச்சேன், இந்த லைன் இன்னிக்கு எதுக்காக உயிரோட இருக்குன்னு அதுதானே சொல்லுது, லாங் பீச் துறைமுகத்துல இறங்கின சரக்கு உள்நாட்டுக்குப் போறதுக்கு.

படத்துல எனக்குத் திருப்தி இல்லாத ஒண்ணு உண்டு. மலை மேல அந்த நேரத்து வெயில் தட்டையா விழுது, மடிப்பு நிழல் தெரியல, அதே மலை சாயங்காலம் நாலு மணிக்கு செதுக்கின மாதிரி இருக்கும். மலைக்கு சாயங்காலம், மூக்குக்கு முற்பகல், ரெண்டும் ஒரே நேரத்துல டிசம்பர்ல கிடைக்காது. பிரின்ட் போட்ட கடைக்காரர் மலைல கான்ட்ராஸ்ட்டைத் தனியா ஏத்தலாமேன்னார், வேணாம்னுட்டேன், அன்னிக்கு அந்த வெளிச்சம்தான் இருந்துச்சு.

கூட நின்ன அந்த அதிகாரிக்கு ஒரு பிரின்ட் அனுப்பினேன். பின்னாடி எஞ்சின் நம்பர், திசை, மைல்போஸ்ட் எழுதி வச்சேன். லைனோட இந்தப் பகுதிக்கு ரயில்வே வச்ச பேரு, அதாவது சப்டிவிஷன் பேரு, யூமான்னும் எழுதினேன், அவர் தாத்தா வேலை பாத்த ஊருக்கே லைன் பேரு.

ரயில் போனதும் க்ளாமிஸ்ல மறுபடி பிடிக்கலாமான்னு ஒரு சபலம் வந்துச்சு. மேப்பைப் பாத்தா ரயில் நைலண்ட்ல இருந்து நேரா மணல்குன்று ஓரமா போயிடும், ரோடு காலிபேட்ரியா, ப்ராலின்னு தெற்க சுத்தி 78-ல கிழக்க திரும்பிப் போகணும், ரயில் எங்கயாவது நின்னாத்தான் உண்டு, நிக்கலேன்னா வேகமா ஓட்டி உயிரைப் பணயம் வைக்கணும். போகல. க்ளாமிஸை தனியா ஒரு கேஸாத்தான் செய்யணும், அங்க மணல் தண்டவாளத்துக்குத் தென்மேற்குல இருக்கு, அதாவது இங்க ஏரி இருக்கிற அதே பக்கம், அதே வெளிச்சச் சிக்கல்தான், ஆனா மணல்குன்று பின்வெயில்ல ஏரியை விட நல்லா வரும், விளிம்பெல்லாம் கோடு போட்ட மாதிரி நிக்கும். வார இறுதில அங்க மணல் வண்டிக் கூட்டம் தூசு கிளப்பும், வாரநாள்ல போங்க. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும், காலை எட்டுக்குள்ள, மேற்க போற ரயிலா இருந்தாலும் பரவால்ல, எந்தக் கலரா இருந்தாலும் பரவால்ல.